ஓவியம் சோறு போடுமா பாஸ்?

உங்க கிளாஸ்ல கட்டாயம் ஒருத்தர் இருப்பார். கடைசி பெஞ்ச், காதுக்குப் பின்னால சொருகின பென்சில். சிம்போசியம்னா போஸ்டர் அவர்தான். கல்ச்சுரல்ஸ்னா மேடைக்குப் பின்னால தொங்குற திரை அவர்தான். டிபார்ட்மென்ட் டி-ஷர்ட்டுக்கு லோகோ, ரெக்கார்டு நோட்டுக்கு டயகிராம், ஹாஸ்டல் டே-வுக்கு வார்டனோட கார்ட்டூன்... எல்லாத்துக்கும் அவர் ரூம் வாசல்ல ஒரு க்யூ நிற்கும்.

நாலாவது வருஷம் வரும். அதே ஆளு பென்சிலைக் கீழே வெச்சுட்டு ஆப்டிட்யூட் புக்கைக் கையில எடுப்பார். ஏன்னு கேட்டுப் பாருங்க. வீட்டுல தன்கிட்ட கேட்ட கேள்வியை அப்படியே உங்ககிட்ட திருப்பிக் கேட்பார்.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?"

சிரிக்காதீங்க. நியாயமான கேள்வி இது. கடன் வாங்கி செமஸ்டர் ஃபீஸ் கட்டுற வீட்டுல இந்தக் கேள்வி வராம இருந்தாதான் ஆச்சர்யம். ஆனா, இது இன்னிக்கு நேத்து வந்த கேள்வி இல்லை. சென்னையில 1850-லேருந்து இதைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிஞ்ச ஒரு பதிலைக் கண்டுபிடிச்சிருக்கு. சில பதில் ஜெயிச்சது, சிலது பாதியில புட்டுக்கிச்சு. வாங்க, நம்ம ஊர் ஓவிய உலகத்தை ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வரலாம். நானும் உங்களை மாதிரி இன்ஜினீயரிங் பார்ட்டிதான். அதனால பயப்படாம வரலாம், பெரிய தியரி எல்லாம் கிடையாது!

டாக்டர் ஆரம்பிச்ச ஸ்கூல்

எழும்பூர் பக்கம், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கு. பஸ்ல போறப்ப நூறு தடவை கடந்து போயிருப்பீங்க. அதுதான் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல இதைத் தொடங்கினவர் ஓவியர் இல்லை, அலெக்சாண்டர் ஹன்ட்டர்ங்கிற டாக்டர். ஆபரேஷன் பண்ற கை, ஓவியப் பள்ளியை ஆரம்பிச்சிருக்கு!

அவரோட பதில் சிம்பிள். 'படம் வரையறதோட நிறுத்தாதே, பொருள் செய்யவும் கத்துக்கோ.' அதனால ஓவியத்தோட சேர்த்து கைத்தொழிலையும் சொல்லிக்கொடுத்தாங்க. மண்பாண்டம், மரத்துல படம் செதுக்கி அச்செடுக்கிறதுன்னு போச்சு பாடம். வரையத் தெரிஞ்சவன் பட்டினி கிடக்கக் கூடாதுங்கிற கணக்கு.

இப்போ நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில பேராசிரியரா இருந்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன், 1898-ல அலுமினியத்துல பாத்திரம் செய்யற சோதனையைத் தொடங்கினது எங்கே தெரியுமா? கிண்டியில இல்லை. இந்த ஓவியப் பள்ளியிலதான்! அது நல்லா ஓடி, கொஞ்ச வருஷத்துல ஒரு கம்பெனியாவே வளர்ந்தது. உங்க பாட்டி வீட்டுப் பரண்ல கிடக்கிற அலுமினியப் பாத்திரத்துக்கும் ஆர்ட் காலேஜுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. ஆர்ட்ஸ் வேற, இன்ஜினீயரிங் வேறன்னு சண்டை போடறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

1929-ல இந்தப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வரா வந்தார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இவரை உங்களுக்குத் தெரியாதா? தெரியும். மெரினாவுல நாலு பேர் பாறையை நெம்பித் தள்ளுற உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்துல நின்னு சுண்டல் சாப்பிட்டிருப்பீங்களே, அது இவர் செஞ்சது. 1959-ல வெச்சாங்க. அதே மெரினாவுல நடந்து வர்ற காந்தியும் இவர் கைவண்ணம்தான். அந்தப் பாறையைத் தள்ளுற ஆளுங்களோட முதுகையும் கெண்டைக்காலையும் அடுத்த தடவை கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல நாம படிக்கிற 'விசை' என்னன்னு, நரம்பு நரம்பா தெரியும்.

இன்னொரு பேரும் சொல்லட்டுமா? நடிகர் சூர்யா, கார்த்தியோட அப்பா சிவகுமார். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தக் கல்லூரியில ஓவியம் படிச்ச மாணவர் அவர்.

கணக்கு நோட்டும் பணிக்கரும்

ராய் சௌத்ரிக்கு அப்புறம் 1957-ல முதல்வர் ஆனவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல கோயம்புத்தூர்ல பிறந்தவர். குடும்ப நிலைமை காரணமா சின்ன வயசுலேயே தந்தி இலாகாவுல வேலைக்குப் போனவர். அப்புறம் இன்ஷூரன்ஸ் வேலை. ஓவியப் பள்ளியில மாணவரா சேர்ந்தது 1936-ல. அப்போ வயசு 25! 'எனக்கு லேட் ஆயிடுச்சு'ன்னு இருபது வயசுல புலம்பற நம்மளை என்ன சொல்றது?

அந்தக் காலத்துல ஒரு பெரிய குழப்பம் ஓடிக்கிட்டு இருந்தது. மேற்கத்திய பாணியில வரைஞ்சா 'காப்பி'ங்கிறாங்க. பழைய பாணியில வரைஞ்சா 'பழசு'ங்கிறாங்க. நம்ம மண்ணோட சாயல் இருக்கணும், ஆனா இன்னிக்குப் படமாவும் இருக்கணும். எப்படி? பணிக்கருக்கு வழி காட்டினது எது தெரியுமா? கணக்கு படிக்கிற ஒரு மாணவரோட நோட்டுப் புத்தகம்! எண்கள், எழுத்துகள், ஜியோமிதி கோடுகள் எல்லாம் ஒரே பக்கத்துல கலந்து கிடந்ததைப் பார்த்திருக்கார். அர்த்தத்தை விட்டுட்டு, வெறும் படமா அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியிருக்கு. 1963 வாக்கில தொடங்கின 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் அப்படிப் பிறந்ததுதான். படிக்க முடியாத எழுத்து, ஜாதகக் கட்டம், மீன், பறவை, சமன்பாடு மாதிரி ஏதோ ஒண்ணு... ஒரு பழைய ஓலைச்சுவடியும் நம்ம எம்-3 நோட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும்.

அரியருக்குக் காரணமான அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. யார் கண்டா!

கடற்கரையில ஒரு கணக்கு

படம் வரையறதுல ஜெயிச்சாச்சு. சாப்பாடு? அங்கேதான் இடிச்சது. நாலஞ்சு வருஷம் ஓவியம் படிச்சுட்டு வெளியே வர்ற பசங்களுக்கு அன்னிக்குச் சென்னையில ஓவியம் வாங்க ஆளே கிடையாது. நல்லா வரையறவங்ககூட ஏதோ ஒரு ஆபீஸ்ல குமாஸ்தாவா போய் உட்கார்ந்து, வரையறதையே விட்டுடுவாங்க. பணிக்கருக்கு இது பெரிய வலி.

அப்போ அவரும் மாணவர்களும் போட்ட கணக்குதான் சூப்பர். பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செஞ்சு விற்கிறது. துணியில மெழுகைத் தடவி, சாயத்துல முக்கி, மெழுகை எடுத்துட்டா டிசைன் நிற்கும். அதான் பாத்திக். மக்கள் ஓவியம் வாங்கத் தயங்குவாங்க, ஆனா துணி வாங்குவாங்க. அதுல வந்த காசைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரமா சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினாங்க. 1966-ல உருவாச்சு சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

முப்பது பேருக்கு மேல கலைஞர்கள். அன்னிக்கு அங்கே மணலும் சவுக்கும்தான். கைத்தொழில் செஞ்சு சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கிறது, மீதி நேரம் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாம தன் படத்தை வரையறது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனி இல்லை, பணக்காரர் யாரும் தானம் கொடுத்த இடமும் இல்லை. தாங்களே உழைச்சு, தாங்களே கட்டிக்கிட்டது. இன்னிக்கு ஸ்டார்ட்-அப் கோர்ஸ்ல 'ரெவின்யூ மாடல்'னு சொல்லித் தர்றாங்களே, அதை 1966-லேயே மணல்ல குடிசை போட்டுச் செஞ்சு காட்டிட்டாங்க.

எல்லாமே சந்தோஷக் கதையும் இல்லை. கனவுல வர்ற மாதிரி கோபுரங்களையும் விநோத மிருகங்களையும் வரைஞ்ச கே. ராமானுஜம் அங்கே இருந்தவர்தான். 1973-ல, முப்பதுகளோட தொடக்கத்துலேயே இறந்துட்டார். வயித்துக்கு வழி கிடைச்சுட்டா மனசுக்கும் வழி கிடைச்சுடும்னு சொல்ல முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னாதான் அந்தக் கிராமத்தோட கதை முழுசாகும்.

2009-ல அங்கே புதுசா ஒரு கலை மையம் திறந்தாங்க. 'மெட்ராஸ் இயக்கம்'னு கலை உலகம் கூப்பிடற அந்தத் தலைமுறையோட படங்களும் சிற்பங்களும் அங்கே அருங்காட்சியகமா இருக்கு. வெளியே தோட்டத்துல கல்லும் உலோகமுமா சிற்பங்கள். ஈ.சி.ஆர்.ல மாயாஜாலுக்குப் பைக்கை விரட்டறப்ப, இடது பக்கம் ஒரு தடவை பிரேக் பிடிங்க.

தறிக்கும் தாளுக்கும் நடுவுல

எல்லாரும் கிராமம் அமைக்க முடியாது இல்லையா? இன்னொரு பதிலைக் காட்டினவர் ஆதிமூலம். 1938-ல திருச்சி பக்கம் துறையூருக்குக் கிட்ட கீராம்பூர்ல பிறந்தவர். படிப்பு முடிச்சு, அரசாங்கத்தோட நெசவாளர் சேவை மையத்துல வேலைக்குச் சேர்ந்தார். கைத்தறித் துணிக்கு டிசைன் போடுற இடம் அது. நம்ம ஓவியர்கள் பல பேருக்கு மாசச் சம்பளம் கொடுத்துக் காப்பாத்தினது அந்த வேலைதான். ஓவியர் வீர சந்தானமும் அங்கே வேலை பார்த்தவர்தான்.

பகல்ல தறிக்கு டிசைன். மீதி நேரத்துல கோடு. 1969-ல காந்தி நூற்றாண்டு வந்தப்போ, ஆதிமூலம் கோட்டோவியமா வரைஞ்ச காந்திகள் பெரிசா பேசப்பட்டது. அதுக்கப்புறம் சிறுபத்திரிகை அட்டை, புத்தக அட்டை, எழுத்தாளர்களோட முகங்கள்னு தமிழ் எழுத்துக்குள்ளேயே அவர் கோடு நுழைஞ்சுடுச்சு. கி.ராஜநாராயணனோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடன்ல வந்தப்போ கூடவே வந்த படங்கள் அவரோடதுதான். 2008-ல இறந்துட்டார். ஆனா, பழைய புத்தகக் கடையில ஏதோ ஒரு அட்டையைத் திருப்பினா, மூலையில அந்தக் கோடு கண்ல படும்.

கேலரிக்குக் காலே வைக்காத லட்சக்கணக்கான வீடுகளுக்கு நவீன ஓவியம் போய்ச் சேர்ந்தது பத்திரிகை வழியாதான். வாங்க ஆள் இல்லைன்னு உட்கார்ந்து அழாம, ஆள் இருக்கிற இடத்துக்கே ஓவியத்தை எடுத்துட்டுப் போனாங்க.

கட்-அவுட் ஹீரோக்கள்

சரி, காலேஜுக்கே போகாத ஓவியர்கள்? அவங்கதான் இந்த ஊர்லேயே பெரிய சைஸ் படம் வரைஞ்சவங்க!

மவுன்ட் ரோடு முழுக்க ஒரு காலத்துல வானத்தைத் தொடுற கட்-அவுட்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல், அப்புறம் அரசியல் தலைவர்கள். எல்லாம் கையால வரைஞ்சது. எப்படின்னு கேளுங்க. ஒரு சின்ன ஸ்டில் போட்டோ. அது மேல கட்டம் கட்டமா கோடு. அதே எண்ணிக்கையில பெரிய பலகையிலயோ துணியிலயோ கட்டம். சின்னக் கட்டத்துல இருக்கிற மூக்கோட துண்டு, பெரிய கட்டத்துல அப்படியே வரும். ஈ.ஜி. கிளாஸ்ல நாம தூங்கிக்கிட்டே போட்டோமே ஸ்கேல், அதேதான். ஆனா அவங்க போட்டது மூணாவது மாடி உயரத்துல, சாரத்து மேல நின்னு. கிட்டப் பார்த்தா வெறும் வண்ணத் திட்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தா, கண் சிமிட்டுற ஹீரோ. முகம் மாஸ்டர் வரைவார், எழுத்துக்குத் தனி ஆளு, பின்னணி அடிக்கச் சின்னப் பசங்க. ஒவ்வொரு பேனர் கம்பெனியும் ஒரு குட்டி ஆர்ட் காலேஜ்.

அப்புறம் என்ன ஆச்சு? ஃப்ளெக்ஸ் வந்தது. ரெண்டாயிரங்கள்ல கம்ப்யூட்டர் பிரின்ட் பேனர் வந்து, நாள் கணக்குல வரைஞ்சதை மணிக்கணக்குல துப்பிடுச்சு. விலையும் கம்மி. தலைமுறையா தூரிகை பிடிச்ச கைகள் பல, ஃப்ளெக்ஸ் கடைக்கே வேலைக்குப் போச்சு. இல்லைன்னா வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போச்சு. சோறு போட்ட ஓவியம், ஒரு மெஷின் வந்ததும் நின்னுபோச்சு.

இதுல ஒரு ட்விஸ்ட். 2009-ல சென்னை மாநகராட்சி, அண்ணா சாலை மாதிரி முக்கியமான சாலைகள்ல போஸ்டர் ஒட்டறதைத் தடுக்க ஒரு ஐடியா பண்ணிச்சு. சுவர் எல்லாம் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகள், கோயில், இயற்கைன்னு வரையச் சொன்னாங்க. யாரை வெச்சு? அதே பேனர் ஆர்டிஸ்ட்களை வெச்சு! கொஞ்ச காலத்துக்குத் தூரிகைக்கு வேலை வந்தது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டறேன்னு கேட்கிறீங்களா? இன்னிக்கு ஒரு வரி டைப் பண்ணினா கம்ப்யூட்டரே படம் வரைஞ்சு தருது. உங்க கிளாஸ் ஓவியர், இனிமே சிம்போசியம் போஸ்டருக்குக்கூட தன்னைக் கூப்பிட மாட்டாங்களோன்னு பயப்படற காலம் இது. அந்தப் பயத்தை இந்த ஊர் பேனர் ஆர்டிஸ்ட்கள் இருபது வருஷத்துக்கு முன்னாடியே அனுபவிச்சுட்டாங்க. அவங்க கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, மெஷின் எதை எடுத்துக்கும், எதை விட்டுவைக்கும்னு கொஞ்சமாவது புரியும். அச்சடிச்ச முகத்தை மெஷின் எடுத்துக்கிச்சு. 'இந்தச் சுவர்ல, இந்தத் தெருவுக்கு என்ன வரையணும்'ங்கிற முடிவை அது எடுக்கலை.

சுவர் பேச ஆரம்பிச்சது

அந்த முடிவு என்ன பண்ணும்னு பார்க்கணுமா? பறக்கும் ரயில்ல ஏறி இந்திரா நகர் ஸ்டேஷன்ல இறங்குங்க. 2020-ல ஸ்டேஷனோட வெளிச்சுவர் முழுக்க முகங்களா வரைஞ்சாங்க, ஏ-கில்னு கையெழுத்துப் போடுற சென்னைத் தெரு ஓவியரும், கத்ராவும். தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோட சேர்ந்து செஞ்சது. 'நாம'ங்கிறதுதான் கரு. அத்தனை முகத்துல யாருக்கு எச்.ஐ.வி. இருக்கு, யாருக்கு இல்லைன்னு பார்த்துச் சொல்லுங்க பார்ப்போம்? முடியாது. அதுதான் அந்த ஓவியம் சொல்ற விஷயமே! ஒரு பக்கத்துக்கு நோட்டீஸ் அடிச்சு கொடுத்திருந்தா கசக்கிப் போட்டிருப்போம். பத்து மீட்டர் உயரத்துல ஒரு முகம் நம்மளையே பார்க்கிறப்போ கசக்க முடியாது.

அதே 2020-ல ஓ.எம்.ஆர். துரைப்பாக்கம் பக்கத்துல கண்ணகி நகர். சென்னைக்குள்ளே குடிசையில இருந்தவங்களை 2000-த்துலேருந்து கொண்டுவந்து குடியேத்தின இடம். 15 ஆயிரத்துக்கும் மேல வீடுகள். சுனாமியில வீடு இழந்தவங்களும் அப்புறம் வந்தாங்க. வேலை ஒரு இடத்துல, பள்ளிக்கூடம் ஒரு இடத்துல, வீடு மட்டும் இங்கே. போதாக்குறைக்கு, 'கண்ணகி நகர்'னு அட்ரஸ் எழுதினாலே இன்டர்வியூவுல முகம் மாறுது. அதனால பல பேர் விலாசத்தையே மாத்திச் சொல்ற நிலைமை. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்கள்ல நாம பிளேஸ்மென்ட்டுக்குக் காத்திருக்கோமே, அதுக்கு எதிர்த்தாப்புலேயே!

அங்கேதான் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷனும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சி ஒத்துழைப்போட அடுக்குமாடிச் சுவர்கள்ல பெரிய பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தாங்க. உள்ளூர்க் கலைஞர்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்து வரைஞ்சாங்க. சென்னையோட முதல் 'ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்'னு பேர். அதுவரைக்கும் க்ரைம் செய்தியில மட்டும் வந்த ஏரியா பேரு, கலைச் செய்தியிலும் வந்தது. கேமராவும் கையுமா ஆட்கள் தேடிவர ஆரம்பிச்சாங்க.

இங்கே கொஞ்சம் நேர்மையா பேசுவோம். வெளிச்சுவருக்குக் கலர் வந்தது நல்ல விஷயம். உள்ளே தண்ணி, சாக்கடை, லிஃப்ட் இல்லாத மாடி, தூரத்து வேலை, பஸ்... இது எதுவும் பெயின்ட்ல வராது. 'கலர் அடிச்சாச்சு, எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதே நேரம், 'வெறும் கலர்தானே'ன்னு ஒதுக்கவும் முடியாது. தன் தெருப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு பையன், 'அந்தப் பெரிய படம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடிதான் எங்க வீடு'ன்னு சொல்ல முடிஞ்சா, அது பெரிய விஷயம்தான். ஓவியம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதுக்கு மேல செய்ய வேண்டியது அரசாங்கம், கம்பெனிகள், அங்கே ஆள் எடுக்கப் போற நாளைய ஹெச்.ஆர்.கள். அதாவது, நாம!

பார்க்கப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அது எக்ஸிபிஷன் கிரவுண்ட் இல்லை, ஆயிரக்கணக்கானவங்களோட வாசல். கோலம் போடுற அக்காவையும் குழாயடியில நிற்கிற பாட்டியையும் கேட்காம போட்டோ எடுக்காதீங்க.

கையில கேமரா

'எனக்கு ஸ்டிக் ஃபிகர்கூட வராது பாஸ்'ங்கிறவங்களுக்கு இருக்கவே இருக்கு போட்டோகிராஃபி. 2016-ல தொடங்கின சென்னை போட்டோ பினாலே, 2019, 2021-22, 2024-25-ன்னு நாலு தடவை நடந்திருக்கு. உலகம் முழுக்க இருந்து போட்டோக்கள் வந்து இறங்கும். 2019-ல பல்கலைக்கழகத்தோட செனட் ஹவுஸ்குள்ளே படங்களை வெச்சாங்க. 1879-ல கட்டி முடிச்ச கட்டடம் அது. படத்தைப் பார்க்கிறதா, கூரையைப் பார்க்கிறதான்னு குழம்பற அளவுக்கு அழகு!

நம்ம ஊர் போட்டோகிராஃபர்கள்ல நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய பேரு எம்.பழனிக்குமார். மதுரைக்காரர். மீன் விற்கிற அம்மாவோட மகன். மலக்குழிச் சாவுகளைப் பத்தின 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்சவர். சாக்கடைக்குள்ளே இறங்கிச் செத்துப்போறவங்களோட குடும்பங்களை, யாரும் பார்க்காத அந்த வீடுகளை, திரும்பத் திரும்பப் போய்ப் பதிவு பண்ணினவர். 2022-ல தயாநிதா சிங்-பாரி விருது வாங்கினார். அதோட நிற்காம, உழைக்கிற மக்களோட பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கத்துக்கொடுத்துக்கிட்டு இருக்கார். 'அவங்க கதையை நான் எடுக்கிறேன்'ங்கிறதுலேருந்து 'உங்க கதையை நீங்களே எடுங்க'ங்கிற இடத்துக்கு வந்திருக்கார். பாக்கெட்ல நாப்பதாயிரம் ரூபா மொபைலை வெச்சுக்கிட்டு மெஸ் தோசையைப் போட்டோ எடுக்கிற நமக்கு, கொஞ்சம் உறைக்கணும்.

பதில் கிடைச்சுதா?

ஆக, சோறு போடுமா? இதுவரைக்கும் பார்த்ததை ஒரு தடவை கூட்டிப் பாருங்க. ஹன்ட்டர் காலத்துல கைத்தொழில் போட்டது. பணிக்கர் காலத்துல பாத்திக் போட்டது. ஆதிமூலத்துக்குத் தறி போட்டது. பேனர் ஆர்டிஸ்டுக்கு சினிமா போட்டது, ஒரு மெஷின் வந்து பிடுங்கிச்சு. இப்போ சுவர் கொஞ்சம் போடுது. ஓவியம் தனியா யாருக்கும் சோறு போட்டதில்லை. பக்கத்துல இன்னொரு வேலையும், தோள் கொடுக்க நாலு பேரும் இருந்தப்போதான் போட்டிருக்கு. அதனால உங்க கிளாஸ் ஓவியர் வேலைக்குப் போறதுல தப்பே இல்லை. பென்சிலைக் கீழே வைக்கிறதுதான் நஷ்டம்.

இல்லை, முழுசா இதுதான் படிக்கணும்னு தம்பி, தங்கச்சி யாராவது பிளஸ் டூ-வுல அடம் பிடிச்சா, தைரியமா சொல்லுங்க. சென்னையிலும் கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு. நாலு வருஷ பி.எஃப்.ஏ. படிப்பு. பெயின்ட்டிங், சிற்பம் மட்டும் இல்லை, விஷுவல் கம்யூனிகேஷன், டெக்ஸ்டைல், செராமிக்னு பிரிவுகள் உண்டு. கல், சிற்பம், கோயில் கட்டடக் கலைன்னா மாமல்லபுரத்துல தனிக் கல்லூரியே இருக்கு.

அந்த நாலு பேர் தோள் கொடுக்கணும்னு சொன்னேனே, அதுல ஒருத்தர் நீங்கதான். கிரீம்ஸ் ரோட்டுல லலித் கலா அகாடமி இருக்கு. ஓவியக் கண்காட்சிகள் நடக்கும். உள்ளே போகக் காசு கிடையாது. ஏ.சி. ஹால். 'அங்கே எல்லாம் நாம போலாமா?'ன்னு தயங்கியே பாதிப் பேர் போறதில்லை. தாராளமா போலாம். இங்கிலீஷ் பேச வேண்டியதில்லை, படம் புரிஞ்சுதான் ஆகணும்னும் இல்லை. ஒரு படத்து முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பிடிச்சா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, பிடிக்கலைன்னா அடுத்த படம்!

வீக் எண்ட் ரூட்!

முதல் சனிக்கிழமை: காலையில எழும்பூர் மியூசியம். (வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, லீவு.) அங்கேருந்து கிரீம்ஸ் ரோடு லலித் கலா. சாயங்காலம் மெரினா, உழைப்பாளர் சிலை, சுண்டல். பறக்கும் ரயில் பிடிச்சு இந்திரா நகர்.

அடுத்த சனிக்கிழமை: ஓ.எம்.ஆர். பஸ்ல கண்ணகி நகர். சோழிங்கநல்லூர் வழியா குறுக்கே ஈ.சி.ஆர். வந்து சோழமண்டலம். இன்னும் பெட்ரோல் இருந்தா முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-ல திறந்தது. தென்னிந்தியாவோட பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்காங்க. சிவில் பசங்க மிஸ் பண்ணக் கூடாது! ஸ்டூடன்ட் ஐ.டி. கார்டு கையில இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சுவர் ஓவியம் நிரந்தரம் இல்லை. வெயில் தின்னும், மழை தின்னும், என்னிக்காவது மேல ஒரு போஸ்டர் விழும். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னா, அப்புறம் அது இருக்காது.

கேலரி வாசல்ல ஒரு நோட்டு வெச்சிருப்பாங்க, வந்தவங்க பேரு எழுத. ரெண்டு வரி எழுதிட்டு வாங்க. பேரு, காலேஜ், எந்தப் படம் பிடிச்சது. அன்னிக்கு ராத்திரி ஹாலைப் பூட்டறப்போ, அந்த ஓவியர் முதல்ல புரட்டிப் பார்க்கப் போறது அந்த நோட்டைத்தான்.